பிரதி எடுத்தால் மட்டும் போதுமா?



அடுத்த பட்டத்துக்காக விதை எடுத்து வைக்கும் விவசாயியைப் பார்த்திருப்பீர்கள். கல்வராயன் மலையில் சாமை விதைப்பவரானாலும் சரி, கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல் விதைப்பவரானாலும் சரி, விளைந்தது அத்தனையையும் உண்டுவிடுவதில்லை. விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுவார். அனுபவமுள்ள விவசாயி இன்னொன்றும் செய்வார். விதைப்பதற்கு முன் நூறு விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் மடித்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்ப்பார். மூட்டை நிறைய விதை இருப்பது அவருக்குப் போதாது. அது முளைக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

கணிப்பொறியில் தகவல்களைச் சேர்த்து வைக்கும் நாமோ இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்காமல் இருந்து நானே ஒருமுறை பாடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், கழித்துப் போட்ட எட்டுக் கணிப்பொறிகளைக் கம்பியால் இணைத்து ஒரு சிறு கணிப்பொறித் தொகுதி அமைத்திருந்தோம். இதைக் ‘கிளஸ்டர்’ என்பார்கள். பெரிய கணக்கு ஒன்றைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைப்பதுதான் இதன் தத்துவம். பத்துப் பேர் வரிசையாக இறங்கி நாற்று நடுவது போலத்தான் இதுவும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணிப்பொறிகளை இப்படி இணைத்து ‘கப்ரு’ என்ற தொகுதியை உருவாக்கினார்கள். உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் 500-இன் பட்டியலில் 2004-ஆம் ஆண்டு அது இடம் பெற்றது. அந்த யானைக்கு முன் எங்களுடையது எறும்பு!

ஞாயிறுதோறும் இரவில் எல்லாத் தகவல்களும் தாமாகவே வேறொரு வட்டில் பிரதியாகும்படி நிரல் எழுதி வைத்திருந்தேன். ஐப்பசி மாத இடிமழை இரவு ஒன்றில், மின்சாரம் போய்ப் போய் வந்ததில் முதன்மை வட்டு பழுதாயிற்று. “பயமில்லை, பிரதி இருக்கிறது” என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே பிரதி வட்டைத் திறந்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் கடைசி மூன்று மாதக் கோப்புகளின் அளவு பூஜ்யம்! வட்டில் இடம் தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நிரல் ஒவ்வொரு ஞாயிறும் வெறும் பெயர்களை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஒருநாளாவது ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தவறு முழுவதும் என்னுடையது.

அழிந்த தகவல்கள் இரு வகை. ஒன்று, வாயு மூலக்கூறுகளின் இயக்கத்தைப் பற்றிய கணக்கீடுகள். நிரலும் தொடக்க எண்களும் தனியே இருந்ததால், மூன்று வாரத்தில் மறுபடி கணக்கிட்டுவிட்டோம். மற்றது, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு மாணவியின் மழைக் கணக்கு. வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து, தம்பியைக் கொண்டு அன்றாடம் அளக்கச் செய்து பெற்ற எண்கள் அவை. ஆடியில் பெய்த மழையை ஐப்பசியில் மறுபடி அளக்க முடியுமா? நல்லவேளையாக, அந்தத் தம்பி எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். என் நிரல் காப்பாற்றாததை அந்த நோட்டுப் புத்தகம் காப்பாற்றியது.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. கணக்கிட்டுப் பெற்றதை மீண்டும் பெறலாம்; கண்டு அளந்ததை மீண்டும் பெற முடியாது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்து வந்தார்கள். அந்தத் தகடுகளைப் பிற்காலத்தில் கணிப்பொறிப் படங்களாகவும் மாற்றினார்கள். 1910-ஆம் ஆண்டு தெரிந்த ஒரு சூரியப் புள்ளியை இன்று எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. ஆகவே, இடமும் பணமும் குறைவாக இருந்தால், அளந்த தகவலுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

“இதெல்லாம் சிறிய இடத்தில் நடப்பது; பெரிய இடங்களில் நடக்குமா?” என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2021 டிசம்பரில் அங்கிருந்த மீக்கணிப்பொறியின் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் தகவல், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், இரண்டே நாளில் அழிந்தன. அழித்தது எது தெரியுமா? பிரதி எடுக்கும் நிரலேதான்! பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுகளை நீக்குவது அதன் வேலைகளில் ஒன்று. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய வடிவத்தை எழுதிவிட்டார்கள். எந்த இடத்தில் நீக்க வேண்டும் என்ற குறிப்பு வெறுமையாகிவிட, நிரல் ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. வேலியே பயிரை மேய்ந்த கதை! பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் 4 குழுக்களின் தகவலை மீட்கவே முடியவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. நிரல்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்லேப்’ என்ற இணையச் சேவையில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான கணிப்பொறியில் நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். அங்கே பிரதி எடுக்க ஒன்றல்ல, பல ஏற்பாடுகள் இருந்தன. ஆபத்தில் திறந்து பார்த்தபோது, முக்கியமான பிரதி இருக்க வேண்டிய இடம் காலி! பிரதி எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் தற்செயலாகக் கைகொடுத்தது.

மீட்பதற்கு நேரம் எவ்வளவு ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு வட்டு வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் என்று கொள்வோம். ஒரு டெராபைட் என்பது 10 லட்சம் மெகாபைட். ஆகவே 10,000 வினாடி, அதாவது 2 மணி 47 நிமிடம். 77 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 9 நாள்! அதையே வினாடிக்கு 100 மெகாபிட் கொண்டுவரும் இணையக் கம்பி வழியாக மீட்பதானால்? எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை நினைவில் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். 71 நாள் வரும். பிரதி தூரத்தில் பத்திரமாக இருந்தாலும் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராவிட்டால் என்ன பயன்?

“என் படங்களும் பாடக் குறிப்புகளும் தொலைபேசியிலிருந்து தாமாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகின்றனவே” என்பீர்கள். கவனியுங்கள்: அவற்றுட் பல ஏற்பாடுகள் கண்ணாடியைப் போன்றவை. நீங்கள் இங்கே ஒரு கோப்பை அழித்தால், கண்ணாடிக்குள்ளும் அது அழியும். காப்புப் பிரதி என்பது நேற்றைய நிலையையும் போன மாத நிலையையும் வைத்திருப்பதாக இருக்க வேண்டும்.

இத்துறையில் ஒரு சுருக்கமான விதி உண்டு. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள். இரண்டு வகைப் பொருள்களில். ஒன்றாவது வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். என் கருத்து என்னவென்றால், நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால்தான் விதி நிறைவு பெறும்: குறித்த நாளில் பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். இது வீண் வேலை, நேரம் போகும் என்பவர்கள் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு மாணவர் கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளைத் தேர்ந்தெடுப்பார். இன்னொருவர் அவற்றைப் பிரதியிலிருந்து ஒரு காலி வட்டில் மீட்டு, மூலத்தோடு ஒப்பிடுவார். அரை மணி நேரம்தான் ஆகிறது. தீயணைப்புப் பயிற்சி தரும் பள்ளிகள் உண்டல்லவா? கணிப்பொறி வகுப்பில் இந்த மீட்புப் பயிற்சியும் கட்டாயமாக இடம் பெற வேண்டும். கோப்பைச் சேமிக்கக் கற்றுத்தருகிறோம். இழந்த கோப்பைத் திரும்பப் பெற ஏன் கற்றுத்தரக் கூடாது?

அதுவரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் பத்திரமாக வைத்திருப்பதாக நம்பும் ஒரு பிரதியை இன்றே எடுங்கள். அதை வேறொரு கணிப்பொறியில் திறந்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். முளைத்தால் மகிழுங்கள். முளைக்காவிட்டால் இன்னும் அதிகமாக மகிழுங்கள். மூலம் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்களல்லவா?