இறங்கிய இடத்திலேயே கார் எடுக்காதீர்கள்

திருத்தணி முருகனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்குக் கதிர்காமத்தின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. முன்பெல்லாம் யாத்திரை நடத்துபவர் பஸ்ஸில் ஏற்றுவார், இறக்குவார். நாமும் பேசாமல் போய்வருவோம். இப்போது பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். "டூர் கீர் எல்லாம் வேண்டாம்பா, கொழும்புல இறங்கி ஒரு கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டறேன்" என்கிறார்கள். நல்லது, ஓட்டட்டும். கார் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை எங்கே எடுப்பது என்பதில்தான் என் சண்டை.

எனக்குத் தெரிந்து போனவர்கள் எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே எடுத்தார்கள். இறங்கினோமா, சாவியை வாங்கினோமா, கிளம்பினோமா என்று. இதற்குச் சௌகரியம் என்று பெயர். நான் சொல்கிறேன், இது பணத்துக்கும் தண்டம், உயிருக்கும் ஆபத்து.

ரயில்வேயில் நான் அதிக காலம் உட்கார்ந்திருந்தது டிரைவர்களுக்கு டியூட்டி போடும் இடத்தில். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். அங்கே இரண்டு விஷயத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. ஒன்று ஓய்வு. வெளியூரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் ரன்னிங் ரூமில் படுத்து எழுந்த பிறகுதான் அடுத்த வண்டி. இரண்டாவது, எங்கள் பாஷையில் எல்.ஆர்., அதாவது பாதை படிப்பது. அரக்கோணம் – ரேணிகுண்டா செக்‌ஷனில் இருபது வருடம் ஓட்டியவராக இருக்கட்டும்; செங்கல்பட்டுப் பாதையில் போட வேண்டுமென்றால், பழகிய டிரைவரோடு இன்ஜினில் போய், சிக்னல் எங்கே, வளைவு எங்கே, ஏற்றம் எங்கே என்று பகலிலும் இரவிலும் பார்த்து, "படித்துவிட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். பல மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடியும் படிக்க வேண்டும். இத்தனைக்கும் ரயிலுக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. தண்டவாளம் போகும் வழியில்தான் அது போகும்.

இப்போது நம் பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். இரவு விமானம் என்று வைத்துக்கொள்வோம். மத்தியானமே பெட்டி கட்டியாகிவிட்டது. அரக்கோணத்தில் ரயிலேறி 69 கிலோமீட்டர் சென்னை, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறி மீனம்பாக்கம். மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். கொழும்புக்குப் பறப்பது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கண்ணை மூடுவதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் குடியேற்ற வரிசை, பெட்டி வரிசை, சிம் கார்டு வரிசை. நடுநிசியில் வெளியே வரும்போது அவன் விழித்து முழு நாள் ஆகியிருக்கும். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு எங்கள் ஆபீசில் ஷண்டிங் வண்டிகூடக் கொடுத்திருக்க மாட்டோம். இவனோ பழகாத காரில், பழகாத நாட்டில், அப்பா அம்மாவைப் பின் ஸீட்டில் வைத்துக்கொண்டு கிளம்புகிறான்.

"நம்ம ஊர் நேரம்தானே அங்கேயும், நம்ம மாதிரி இடதுபக்கம்தானே ஓட்டறாங்க, என்ன பயம்?" என்பார்கள். அந்த ஒற்றுமைதான் ஆளை ஏமாற்றும். அமெரிக்காவில் வலதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் நாள் பயந்து பயந்து ஓட்டுவான். இலங்கையில் பயமே இல்லாமல் ஓட்டுவான். கட்டுநாயக்கவிலேயே அதிவேகச் சாலையில் ஏறலாம். கொழும்பு ஊருக்குள் நுழையாமலே வெளிவட்டம் பிடித்துத் தெற்கு நெடுஞ்சாலையில் மத்தள வரை போய்விடலாம். 2020 முதல் இந்த வழி இருக்கிறது. அனுமதித்த வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு நேரான காலிச் சாலையைவிடப் பெரிய எதிரி வேறு இல்லை. மலைப்பக்கமாக எல்ல, வெல்லவாய வழியில் வருபவர்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது. புத்தல – கதிர்காமம் சாலையில் யானைகள் ரோட்டோரம் நின்று வண்டிகளை மறிப்பது அந்த நாடே அறிந்த சங்கதி. பகலில் பார்த்துப் போக வேண்டிய பாதை அது.

அடுத்தது காரைச் சரிபார்ப்பது. என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு விமான நிலைய வாசலில் இருட்டில் கார் எடுத்தான். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுற்று, ஒரு கையெழுத்து, முடிந்தது. திருப்பிக் கொடுத்தது பட்டப்பகலில். கதவுக்கு அடியில் இருந்த கோடு அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அவன் போட்டதா, முன்பே இருந்ததா என்று யார் சாட்சி சொல்வது? கிரெடிட் கார்டில் பிடித்து வைத்திருந்த முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். காலை வெயிலில் எடுத்திருந்தால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பான்.

பணக் கணக்கும் இருக்கிறது. நம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோவுக்கு ஒரு ரேட், நாலு எட்டு நடந்து ரோட்டுக்கு வந்து கூப்பிடும் ஆட்டோவுக்கு ஒரு ரேட் என்பது நமக்குத் தெரியாததா? விமான நிலையமும் ஸ்டேஷன் வாசல்தான், கொஞ்சம் பெரிய வாசல். அமெரிக்காவில் இது எழுத்திலேயே இருக்கிறது. நிலையத்துக்குள் கடை வைத்திருக்கும் கார் கம்பெனி, தன் வரும்படியில் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டிய பங்கை நிலையத்துக்குக் கட்டுகிறது. அதைப் பில்லில் தனி அயிட்டமாகப் போட்டு நம்மிடமே வாங்கிவிடுகிறது. அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு என்று கட்டட வசதிக்கு ஒரு கட்டணம். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், இரண்டு நாள் வீட்டில் தூங்கி எழுந்து, அந்தப் பேட்டையிலேயே உள்ள கிளையில் கார் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மிச்சமாகும். இரவும் பகலும் தலைகீழான உடம்போடு எடுக்கும் வம்பும் இல்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் நம் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு மட்டும் போதாது. அந்த நாட்டு அங்கீகாரமோ தற்காலிக உரிமமோ வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தற்காலிக உரிமத்தைக் கட்டுநாயக்க நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். "அப்புறம் என்ன, உரிமமும் அங்கே, காரும் அங்கே" என்பார்கள். உரிமத்தை அங்கே தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது ஓட்ட உரிமை தரும் காகிதம், தூக்கத்தைத் தராது.

"வயசானவங்களையும் பெட்டிகளையும் வெச்சுக்கிட்டு எங்கே அலையறது?" என்பது இன்னொரு கேள்வி. அலைய வேண்டாம். நீர்கொழும்பு சுமார் 10 கிலோமீட்டர்தான். ஓட்டலில் சொன்னால் வண்டி அனுப்புவார்கள், இல்லையென்றால் டாக்ஸி இருக்கிறது. அங்கே படுத்துத் தூங்கி, காலையில் இடியாப்பமோ அப்பமோ சாப்பிட்டுவிட்டுக் காரை ஓட்டல் வாசலுக்கே வரச் சொல்லலாம். முதல் அரை மணி கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டிக் கை பழகட்டும். அதுதான் அவனுடைய எல்.ஆர்.

விமானம் தாமதமானாலும் நிலையத்துக் கவுண்டர் திறந்திருக்கும், ஊருக்குள் உள்ள ஆபீஸ் சாயங்காலமே பூட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்காது என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதற்கு வழி முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்வது. காலை விமானத்தில் போய் வெளிச்சத்தில் இறங்கி, தூங்கி எழுந்த ஆள் ஓட்டுவதாக இருந்தால், நிலையத்தில் எடுப்பதை நான் தடுக்க மாட்டேன்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லூர், மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி என்று அங்கேயும் முருகன்தான். இதற்காகக் கட்டுநாயக்கவில் இறங்கிக் கார் எடுத்து, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வடக்கே ஓட்டுவானேன்? 2019-ல் பலாலியைச் சர்வதேச நிலையமாகத் திறந்து, சென்னையிலிருந்து நேரே விமானம் விட்டார்கள். இடையில் நின்றுபோய் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. பலாலியிலிருந்து ஊர் சுமார் 16 கிலோமீட்டர். காரை யாழ்ப்பாணத்தில் எடுத்து யாழ்ப்பாணத்திலேயே விடுங்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் அதற்கும் தனிக் கூலி கேட்பார்கள். கொழும்பும் பார்த்தே ஆக வேண்டுமென்றால், 2014-ல் பாதை மறுபடி யாழ்ப்பாணம் வரை போட்டாகிவிட்டது, ரயிலில் போங்கள். ரயில்வேக்காரன் வேறென்ன சொல்வேன்!

கடைசியாக நம் வயதுக்காரர்களிடம் ஒன்று. டிக்கெட் பிள்ளை எடுக்கிறான், ஓட்டல் பிள்ளை பார்க்கிறான், காசும் அவன் போடுகிறான், நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். பின் ஸீட்டில் உட்காரப்போவது நாம். மடியில் பேரக்குழந்தை தூங்கப்போகிறது. நமக்குச் சொல்லும் உரிமை இருக்கிறது. பதிவு செய்கிறபோதே கேளுங்கள்: "எத்தனை மணிக்கு இறங்கறோம்? அதுக்கு முன்னாடி நீ எப்போ தூங்கியிருப்பே?" இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வரவில்லையென்றால், முதல் ராத்திரி வாடகையை நம் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்து, நீர்கொழும்பில் ஒரு ரூம் போடச் சொல்லுங்கள். கதிர்காமத்தான் ஒரு நாள் தாமதமாக வந்ததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டான்.