கமராவைப் பிடிக்கும் கைகள்

சென்ற இதழில் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி எழுந்து, "மிஸ், மண் கொத்த எனக்கு முதுகு இடம் தராது. ஷெல் துண்டு இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு. இருந்த இடத்தில செய்யிற மாதிரி ஒரு தொழிலைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தையல், கோழி, மிளகாய்த்தூள் என்று நாம் திரும்பத் திரும்பக் கொடுத்து வரும் பட்டியலில் அவருக்குப் பொருத்தமான தொழில் எதுவும் இல்லை என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே இம்முறை சற்றுப் புதிய தொழிலொன்றைப் பார்ப்போம். வியாபார நிலையங்களுக்காக, இணையத்தில் போடுவதற்குரிய சிறு காணொளிகளைத் தயாரித்துக் கொடுப்பதே அது. கேக் செய்பவர், தையற்கடைக்காரர், பூங்கன்று விற்பவர் என எல்லோருக்கும் இன்று பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் தமது பொருளைக் காட்ட வேண்டியிருக்கிறது. கனடாவில் இருக்கும் மகள் யாழ்ப்பாணத்தில் உள்ள தாயின் பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் கொடுப்பது தொலைபேசித் திரையைப் பார்த்துத்தான். ஆனால் மாவும் கையுமாக நிற்பவருக்குப் படமெடுக்க நேரமேது? அந்த வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்க ஒருவர் தேவை.

இங்கே ஒரு விடயத்தைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். "யூடியூப்பில் போட்டால் காசு வருமாம்" என்று பலர் கேட்கிறார்கள். 2005 இல் தொடங்கப்பட்ட யூடியூப், விளம்பர வருமானத்தில் பங்கு தருவது உண்மைதான். ஆனால் அதற்கு 1000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது குறுங்காணொளிகள் 90 நாட்களில் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளின் பசி காத்திருக்காது. வியாபாரிக்குச் செய்து கொடுத்தால், ஒரு காணொளி முடிந்ததும் அதற்குரிய கூலி கைக்கு வரும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இத்தொழிலைச் செய்கிறார். கணவர் 2009 இல் காணாமற்போனவர். முதன்முதலில் அவர் எடுத்தது பக்கத்து வீட்டு அம்மா பனங்கட்டி காய்ச்சுவதை. கீறல் விழுந்த பழைய போன்தான் அவரிடம் இருந்தது. முதல் நாள் எடுத்ததில் அடுப்புப் புகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த நாள் கமராக் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று எடுத்திருக்கிறார். கருப்பநீர் பொங்குவது, அகப்பையிலிருந்து பாகு இழுபடுவது, குட்டானில் ஊற்றுவது, கடைசியில் ஒரு துண்டைக் கடிக்கும் சத்தம். ஒவ்வொன்றும் நான்கைந்து விநாடிகள்.

அவரிடம் நான் கற்ற பாடங்கள் பல. போனை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பார்ப்பவர்களும் அப்படித்தான் பிடித்திருக்கிறார்கள். கை நடுங்கினால் கதிரையின் முதுகில் சாத்தி எடுக்கலாம். "வணக்கம் உறவுகளே" என்று தொடங்கி நேரத்தைப் போக்காமல், பாகு இழுபடும் காட்சியையே முதலில் வைக்க வேண்டும். முதல் மூன்று விநாடிக்குள் பிடிக்காவிட்டால் ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பலர் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பதால் விலை, இடம், வட்ஸ்அப் இலக்கம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் திரையில் போடுவது அவசியம். வெட்டி ஒட்டுவதற்குக் கப்கட், இன்ஷொட் போன்ற செயலிகளின் இலவசப் பகுதிகளே ஆரம்பத்துக்குப் போதும். இதைத்தான் இருந்தபடி செய்யலாம். படமெடுக்க அரை நாள் நிற்க வேண்டியிருந்தாலும், மிகுதி வேலை பாயில் இருந்தே நடக்கும்.

பாட்டு விடயத்தில் கவனம். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் காணொளி முடக்கப்படலாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத் தடுக்கிறது. யூடியூப்பின் ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. என்னைக் கேட்டால், பாகு கொதிக்கும் சத்தத்தை விட நல்ல இசை அந்தக் காணொளிக்கு இல்லை. அதேபோல், "சீனி வருத்தம் மாறும்" என்று எழுதச் சொல்லும் வியாபாரிக்கு இணங்க வேண்டாம். பொய்யான விளம்பரம் நுகர்வோர் அதிகார சபைச் சட்டப்படி குற்றம்.

இனிக் காசு. பெண்கள் சறுக்குவது இவ்விடத்தில்தான். அந்தத் தாய் ஒரு கடைக்கு மூன்று காணொளிகள் செய்து கொடுத்தார். "இதை மாற்று, அதை மாற்று" என்று ஏழு தடவை மாற்றுவித்த முதலாளி, கடைசியில் "போனில எடுத்ததுக்கு என்ன காசு?" என்று கேட்டாராம். ஒரு சதமும் கிடைக்கவில்லை. அதன்பின் அவர் வைத்த ஒழுங்கு இது: பாதிப் பணம் முற்பணம், இரண்டு திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம், மிகுதிப் பணம் வந்த பின்னரே இறுதிக் காணொளி. எல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்தில். விலை சொல்லும்போது போக்குவரத்து, டேட்டா, படமெடுத்த நேரம், வெட்டி ஒட்டிய நேரம் எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை நாட்கூலி என்று பாருங்கள். சொந்த வேலையை இலவசமென்று நினைக்கும் பழக்கம் நமக்கு நிறைய உண்டு. இன்னொன்று: "காணொளிக்கு லைக் போட்டால் சம்பளம், முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகள் மோசடி. வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

எழுதத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முகாம்களில் இருந்த காலத்தில் எத்தனை கமராக்கள் நம்மை எடுத்தன! யாரும் அனுமதி கேட்டதாக ஞாபகம் இல்லை. இன்றும் உதவி கொடுக்கிறோம் என்று வீட்டுக்குள் வந்து, பெண்களை அழவைத்துப் படமெடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பிள்ளைகளின் வகுப்பில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள்.

அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், தான் கொடுக்கும் தையல் இயந்திரத்தைப் பெறும் பெண்ணைப் படமெடுக்க அந்தத் தாயை அழைத்திருந்தார். "கொஞ்சம் கண்கலங்கினா நல்லாயிருக்கும்" என்றாராம். இவர் தனியே போய், அந்தப் பெண்ணிடம் முகம் தெரிவதற்குச் சம்மதமா என்று கேட்டார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். ஆகவே நூல் கோக்கும் விரல்களும், ஓடும் ஊசியும், தைத்து முடித்த பாடசாலைச் சட்டையும் மட்டும் படத்தில் வந்தன. கீழே தையல் ஓடருக்கான தொலைபேசி இலக்கம். வந்தவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேசிய பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே அந்த இலக்கத்துக்கு நான்கு சட்டை ஓடர்கள் வந்தன.