பைக் ரைடு வீடியோ எடுப்பது குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை லாஸ்பேட்டையில் கிளம்பி, கோட்டக்குப்பம், காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை ஈசிஆரில் ஒரு ரைடு. பைக்கில் ஆக்‌ஷன் கேமரா. மதியம் எடிட்டிங், சாயங்காலம் ரீல்ஸ். புதுச்சேரி இளைஞர்களுக்குப் பழகிப்போன வார இறுதி இது. ஆனா, லைக்ஸ் வாங்கித் தரும் அதே வீடியோ, ஓட்டியவருக்கு எதிரான சாட்சியாகவும் மாறலாம்.

வீடியோ எடுப்பதே தப்பா?

இல்லை. ரைடைப் படம்பிடிப்பது மட்டுமே குற்றமாகாது. வீடியோவுக்காக எப்படி ஓட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். ஆபத்தாக ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 184 பாயும். முதல் முறை 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதும் இதில் அடக்கம். பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் பிரிவு 189 தனி.

டிடிஎஃப் வாசன் வழக்கில் என்ன நடந்தது?

கோவையைச் சேர்ந்த யூடியூபர் டிடிஎஃப் வாசனை லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். 2023 செப்டம்பர் 17 அன்று, காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்று தூக்கி வீசப்பட்டார். கையில் எலும்பு முறிவு. அடுத்த சில நாட்களிலேயே கைதானார். ஜாமீன் மனுவை அக்டோபரில் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், யூடியூப் சேனலை மூடிவிடலாம் என்கிற அளவுக்குக் கடுமை காட்டியது. ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. 2024 மே மாதம், மதுரையில் போன் பேசியபடி கார் ஓட்டியதாக மீண்டும் கைது. காட்டிக்கொடுத்தது, அவரே சேனலில் போட்ட வீடியோ!

எடிட்டிங்கில் மறைத்துவிட முடியாதா?

கஷ்டம். நம்பர் பிளேட்டை பிளர் செய்தாலும் கடைப் பெயர், மைல்கல், பைக்கின் ஸ்டிக்கர் என அடையாளங்கள் மிஞ்சும். விசாரணை என்று வந்தால் கேமராவும் மெமரி கார்டும் பறிமுதலாகலாம்.

எடிட்டிங்கில் இன்னொரு விஷயமும் இருக்கு. வைட் ஆங்கிள் லென்ஸில் 60 கி.மீ. வேகமே 90 போலத் தெரியும். இசையும் கட்டிங்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதைப் பார்க்கும் 17 வயதுப் பையனுக்கு இது எடிட்டிங் என்று தெரியாது. நிஜ ரோட்டில் அதே வேகத்தைத் தேடுவான். டேராடூன் யூடியூபர் அகஸ்தய் சவுகான், 300 கி.மீ. வேகத்தைத் தொட முயன்று 2023 மே மாதம் யமுனா விரைவுச்சாலையில் உயிரிழந்தார்.

எல்லை தாண்டினால் தப்பிக்கலாமா?

இந்த ரூட்டில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி, மரக்காணம் திரும்பத் தமிழ்நாடு. போலீஸ் மாறும், சட்டம் மாறாது. உரிமம் முடங்கினால் நாடு முழுக்க ஓட்ட முடியாது.

அப்போ எப்படித்தான் எடுப்பது?

கிளம்பும் முன்பே ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிவிட்டு, வண்டியை நிறுத்தும் வரை கேமராவைத் தொடாமல் இருக்கலாம். பேச வேண்டியதை வீட்டுக்கு வந்து வாய்ஸ் ஓவரில் பேசலாம். வேகத்துக்குப் பதில் காலாப்பட்டுக் கடற்காற்றையும் மரக்காணம் உப்பளங்களையும் காட்டலாம். வியூஸ் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும். ஆனா, அடுத்த ஞாயிறும் ரைடு போகலாம்.