செடித் தொட்டிக்கு எந்தப் பல்லி?

கண்ணாடித் தொட்டிக்குள் பெரணியும் பாசியும் வளர்த்து, அதில் நான்கைந்து பல்லிகளை ஏறி விளையாட விட வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால், நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்துப் பல்லியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தை அது தாங்குமா? கூட்டமாக வாழுமா? எங்கிருந்து பிடிக்கப்பட்டது?

முதலில், உலகெங்கும் விரும்பி வளர்க்கப்படும் கிரெஸ்டட் கெக்கோவைப் பார்ப்போம். இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியா. அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட இவ்வினம் 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு ஏற்ற வெப்பநிலை 22 முதல் 26 பாகை செல்சியஸ். ஜொகூரில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடாத வீட்டில் இதை வளர்ப்பது அதை வதைப்பதற்குச் சமம். அறுந்த வால் இதற்கு மீண்டும் முளைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து, நம் வட்டாரத்து டோக்கே பல்லி. மலாயில் தோக்கே என்பார்கள். அதன் ஒவ்வொரு பாதத்திலும் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. நீங்கள் வேதியியல் பாடத்தில் படிக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு விசையால்தான் அது கண்ணாடியில் ஒட்டுகிறது என்பதை ஆய்வாளர்கள் 2002இல் உறுதிப்படுத்தினர். வெப்பம் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால், இரண்டு ஆண் பல்லிகளை ஒரே தொட்டியில் விட்டால் கடுமையாகச் சண்டையிடும். கடித்தால் எளிதில் விடாது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்ற புரளியால் 2010, 2011ஆம் ஆண்டுகளில் மலேசியாவிலும் டோக்கே வேட்டை சூடு பிடித்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. 2019இல் இவ்வினம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதன் அனைத்துலக வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

அப்படியானால் எதை வளர்க்கலாம்? என் தேர்வு மோர்னிங் கெக்கோ. வாலோடு சேர்த்து 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமே உள்ள இது, மலேசியாவில் இயற்கையாகவே வாழ்கிறது. நம் அறை வெப்பமே இதற்குப் போதும். சிறு பூச்சிகளையும் பழக்கூழையும் உண்ணும். கூட்டமாகவும் வாழும். இவற்றில் ஏறக்குறைய எல்லாமே பெண் பல்லிகள்! ஆண் இல்லாமலேயே முட்டையிட்டு, தாயின் மரபணுவையே கொண்ட குஞ்சுகளைப் பொரிக்கின்றன. கன்னி இனப்பெருக்கம் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது.

ஆனால், ஒரே பல்லி பெருங்கூட்டமாகிவிடும் என்பதால், முட்டைகளைக் கவனித்து அகற்றும் பொறுப்பும் உங்களுடையதே. தொட்டியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சல்மொனெல்லா கிருமி பரவக்கூடும்.

காட்டிலிருந்து மட்டும் எதையும் பிடித்து வராதீர்கள். ஜொகூரின் அவுர் தீவில் வாழும் ஒரு பல்லியினம் 2005இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அந்தச் சிறிய தீவைத் தவிர அதற்கு வேறு வீடு இல்லை. இப்படிப்பட்ட இனத்தில் பத்துப் பல்லிகள் குறைந்தாலும் இழப்பு பெரிதே. எனவே, வளர்ப்பில் பிறந்த பல்லியா என்று விற்பவரிடம் கேளுங்கள். அனுமதி தேவையா என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரியுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால், தொட்டியில் செடிகள் மட்டும் இருக்கட்டும். பல்லியை ஆராய நம் வீட்டுச் சுவரே போதும்.