மங்கிவரும் பளபளப்பு

அமெரிக்க 'வோக்' இதழின் ஆசிரியராக 37 ஆண்டுகள் இருந்த ஆனா வின்டூர், அன்றாட ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகுவதாக 2025 ஜூனில் அறிவித்தார். அடுத்த சில வாரங்களில் அதே இதழ் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. ஆகஸ்ட் இதழில் வெளியான 'கெஸ்' நிறுவன விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண், பிறந்து வளர்ந்தவர் அல்லர். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவர். பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்துகளில் இருந்த குறிப்பே அதைச் சொன்னது. வாசகர்கள் கொதித்தெழுந்தனர்.

ஃபேஷன் இதழ்களின் செல்வாக்கு சரிவது புதிய செய்தியன்று. 'செல்ஃப்', 'டீன் வோக்' ஆகியவற்றின் அச்சுப் பதிப்புகள் 2017-இல் நின்றன. 'கிளாமர்' 2019-இலும், 'இன்ஸ்டைல்' 2022-இலும் அதே வழியில் சென்றன. இணையம் வந்தது, அச்சு வீழ்ந்தது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். இவ்விதழ்களைப் பல ஆண்டுகள் விரும்பி வாங்கிப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கைப்பேசி என் கைக்கு வருவதற்கு முன்பே என் ஆர்வம் குறையத் தொடங்கிவிட்டது. காரணம், அப்பக்கங்கள் யாருக்காக எழுதப்படுகின்றன என்ற கேள்வி.

அமெரிக்க 'வோக்' 2007 செப்டம்பரில் வெளியிட்ட இதழ் 840 பக்கங்கள் கொண்டது. அவற்றில் மிகப் பெரும்பகுதி விளம்பரங்கள். இத்தகைய இதழுக்கு வாசகர் தரும் விலை ஒரு பொருட்டே அன்று; இதழை வாழவைப்பவர் விளம்பரதாரர். வாசகர் அங்கே வாடிக்கையாளர் அல்லர், விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டம். 'மிஸ்' இதழின் நிறுவனர்களுள் ஒருவரான க்ளோரியா ஸ்டைனம் 1990-இலேயே இதைத் தம் அனுபவத்திலிருந்து விரிவாக எழுதினார். அழகுப் பொருள் நிறுவனங்கள் விளம்பரம் தருவதோடு, அதற்கு ஒத்துப்போகும் கட்டுரைகளையும் எதிர்பார்த்தன என்பதே அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. அவ்வாண்டு 'மிஸ்' விளம்பரமே இல்லாத இதழாக மறுபடி வெளிவந்தது. பிற இதழ்கள் அந்த வழியைப் பின்பற்றவில்லை.

இந்தியாவுக்கு 'எல்' 1996-இலும், 'வோக்' 2007-இலும் வந்தன. தாராளமயம் உருவாக்கிய புதிய நடுத்தர வர்க்கத்தின் கனவுகளுக்கு அவை உருவம் தந்தன. ஆனால், 2008 ஆகஸ்ட் 'வோக் இந்தியா' இதழின் ஒரு படத்தொகுப்பு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஏழை எளியவர்களின் கைகளில் உயர்விலைப் பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு குழந்தையின் கழுத்தில் 'ஃபெண்டி' துணி. ஒருவர் கையில் 'பர்பெரி' குடை. பொருள்களுக்குப் பெயர் இருந்தது. அவற்றை ஏந்தி நின்ற மனிதர்களுக்குப் பெயர் இல்லை.

அந்தப் பெயரின்மை ஒரு படத்தொகுப்போடு முடிவதன்று. ஆடையை வடிவமைத்தவர், படமெடுத்தவர், தலைவாரியவர் என அனைவரின் பெயரையும் கவனமாக அச்சிடும் இதழ்கள், அதைத் தைத்தவரைப் பற்றி மௌனம் காக்கின்றன. 2013 ஏப்ரல் 24-இல் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதுதான், உலகச் சந்தையின் ஆடைகள் எங்கே, எந்த நிலையில் தைக்கப்படுகின்றன என்பதைப் பலர் உணர்ந்தனர். திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரும் இதே தொழிலின் உறுப்பினர்தான். அவர் தைக்கும் உடையைப் பற்றிய பக்கங்களில் அவருக்கு இடமில்லை.

இவ்விதழ்களை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. நாஜி வதைமுகாம்களில் லீ மில்லர் எடுத்த படங்களை 1945-இல் அச்சிட்டது 'வோக்'தான். மறுபுறம், 1892-இல் தொடங்கிய அந்த இதழின் அமெரிக்கப் பதிப்பில் ஒரு கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அட்டைப்படம் எடுக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெருமையும் சிறுமையும் ஒரே அட்டைக்குள் இருந்தன. பெருமையைத் தந்தவர்கள் மனிதர்கள்: ஆசிரியர், புகைப்படக் கலைஞர், எழுத்தாளர்.

இப்போது கவலை தருவது இதுவே. அவ்விதழ்களின் இடத்தைப் பிடித்துள்ள சமூக ஊடகம், அவற்றின் குறைகளை மட்டும் சுவீகரித்துக்கொண்டு நிறைகளைக் கைவிட்டுவிட்டது. எது கருத்து, எது விளம்பரம் என்ற வேறுபாடு முன்னைவிட மங்கலாகிவிட்டது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட நேர்ந்தது இதனால்தான். மாத இதழுக்காவது கடைசிப் பக்கம் ஒன்று உண்டு; மூடிவைத்துவிட்டு எழுந்து போகலாம். கைப்பேசித் திரைக்கு அதுவும் இல்லை.

விளம்பரங்களில் உடலமைப்பைத் திருத்திய படங்களுக்கு முத்திரை இட வேண்டும் என்ற சட்டம் நார்வேயில் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் முகங்களுக்கும் அத்தகைய விதி நம் நாட்டில் வேண்டும்; அந்த முத்திரை ஓரத்தில் ஒளிந்திராமல் கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும். இல்லாத ஒருத்தியின் இல்லாத உடலோடு தன்னை ஒப்பிட்டு மனம் குன்றும் பதினைந்து வயதுச் சிறுமியின் வேதனை கற்பனையன்று.

பளபளப்பான தாளின் மீது எனக்கு இருந்த மோகம் போய்விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால், தாள் போனபின் பளபளப்பு மட்டும் மிஞ்சி நிற்பதை வெற்றி என்று கொண்டாடவும் இயலவில்லை.