திண்ணையை இடிக்காதே தம்பி



இங்கே லோயர் கேம்ப்பில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் பழைய மாணவர் ஒருவர், போனில் ஒரு ஹால் படம் காட்டினார். ஸ்வீடன், டென்மார்க் பாணியாம். வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரச் சாமான், தரையில் கம்பளம். ஹாலைப் பெரிதாக்கத் திண்ணையை இடிக்கப் போகிறாராம்.

படம் அழகுதான். ஆனால் ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் சுமார் 6 மணி நேரமே. கிடைக்கும் வெளிச்சத்தைப் பெருக்க வெள்ளைச் சுவர், குளிருக்குக் கம்பளம். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

அதே டென்மார்க்காரர்கள் 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியில் இருந்தார்கள். அங்குள்ள ஆளுநர் மாளிகையைப் பாருங்கள்: முகப்பில் தூண் வைத்த பெரிய தாழ்வாரம். வந்த ஊரின் வெயிலுக்குத் தக்கபடி அவர்களே மாறிக்கொண்டார்கள்.

அவர்களிடம் கற்க வேண்டியது, சாமானைக் குறைத்து நடமாட இடம் விடும் எளிமை. கம்பளத்துக்குப் பதில் கோரைப்பாய் போதும். அவர்கள் 'ஹூகா' என்று சொல்வது, வேண்டியவர்களோடு இதமாகக் கூடியிருப்பதை. அது உங்கள் திண்ணையில் தினமும் சாயங்காலம் நடக்கிறது. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் காற்று வாங்குவது அங்கேதான்.

ஹாலை எப்படி வேண்டுமானாலும் மாற்று தம்பி. திண்ணை மட்டும் இருக்கட்டும்.