ஆளில்லாத வீட்டில் லைட்னிங் நோட் வேண்டாம்

பிட்காயின் பற்றிப் படித்ததும் "நாமே ஒரு நோட் வைத்துக் கொண்டால் என்ன?" என்று சிலருக்கு ஆசை வருகிறது. நோட் என்பது வேறொன்றுமில்லை. பிட்காயின் கணக்குப் புத்தகத்தை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்துச் சரிபார்க்கும் கம்ப்யூட்டர். 600 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். அதன் மேல் லைட்னிங் சாப்ட்வேரையும் ஏற்றினால் நொடியில் பணம் அனுப்பலாம், பெறலாம். இதை அம்பத்தூர், ஆவடி வீட்டில் ஓடவிட்டு வெளியூரிலிருந்து இயக்க நினைப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

முதல் எதிரி கரண்ட். பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணிக்குத்தான் வரும். சாதாரண யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயோஸில் செட் செய்திடலாம். ஆனால் கம்ப்யூட்டர் எழுந்தாலும் வாலட் எழாது. பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். பாஸ்வேர்டைப் பைலில் எழுதித் தானே திறக்கச் செய்தால், கம்ப்யூட்டரைத் தூக்கிப் போகிறவனுக்குப் பணமும் சேர்ந்தே போகும். மோடம் மக்கர் செய்தால் இருக்கவே இருக்கிறார் அப்பா, போனில் கூப்பிட்டு ஸ்விட்சை அணைத்துப் போடச் சொல்ல!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லைட்னிங்கில் எதிர்முனைக்காரர் பழைய கணக்கைக் காட்டி சேனலை மூடினால், கெடுவுக்குள் நம் நோட் அதை மறுக்க வேண்டும். சேனலைப் பொறுத்து அந்தக் கெடு ஒரு நாளாகவும் இருக்கலாம். நமக்காகக் கண்காணிக்கும் வாட்ச்டவரை முன்பே அமைத்திருந்தால் தப்பலாம்.

புதியவர்கள் விழும் பெரிய குழி பேக்கப். டிஸ்க் போனால் பழைய பேக்கப்பை ரெஸ்டோர் செய்வதுதானே நம் வழக்கம்? இங்கே போன வாரத்து சேனல் டேட்டாபேஸை அப்படிப் போட்டு ஓட்டக்கூடாது. உங்கள் நோட் அந்தப் பழைய கணக்கை வெளியிட்டுவிட்டால், எதிர்முனை அதை மோசடியாகவே எடுத்துக்கொண்டு சேனலிலுள்ள முழுப் பணத்தையும் எடுத்துவிடும். இதற்காகவே எல்என்டி சாப்ட்வேரில் 'சேனல்.பேக்கப்' என்ற தனி பைல் உண்டு. அது சேனலை மூடி உங்கள் பங்கைத் திருப்பித் தரும்படி எதிர்முனையைக் கேட்கும். புது சேனல் திறக்கும்போதெல்லாம் அதை வேறிடத்தில் காப்பி செய்திடவும்.

வரியையும் மறக்கவேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம்.

பழக விருப்பமா? டெஸ்ட்நெட்டில் மதிப்பில்லாத காசை வைத்து விளையாடுங்கள். வாலட் இல்லாத வெறும் பிட்காயின் நோட்டும் வைக்கலாம். திடீர் மின்வெட்டில் அதன் டேட்டாபேஸ் கெட்டால் ரீஇண்டெக்ஸ் நாள்கணக்கில் ஓடும், பணம் போகாது.